கரை திரும்பும் எஞ்சின்

வேம்பாரில், கடல்தொழிலை விட்டு ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருந்தார். எனக்குப் பெரியப்பா முறை. பாய் விரித்து ஓடிய காலத்திலும் வள்ளம் ஓட்டியவர். எஞ்சின் வந்த பிறகும் ஓட்டியவர். சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, பொறியியல் படித்துக்கொண்டிருந்த என் அக்காள் மகன், தான் கட்டிக்கொண்டிருந்த ரேடியோக் கட்டுப்பாட்டு விமானத்தை அவர் வீட்டுத் திண்ணையில் கொண்டுவந்து வைத்தான். இறக்கையின் முழு நீளம் இரண்டரை மீட்டர். பால்சாக் கட்டையும் ஒட்டுப்பலகையும் சேர்த்துச் செய்த உடல். எந்த எஞ்சின், எந்த சர்வோ, எந்த பேட்டரி என்று மூன்று மாதமாக முடிவுக்கு வர முடியாமல் அவன் தவித்துக்கொண்டிருந்தான்.

பெரியப்பா விமானத்தின் வயிற்றுப் பகுதியைத் தட்டிப் பார்த்தார். வாலைப் பிடித்து அசைத்தார். "இதுதான் சுக்கானா?" என்றார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் சரிய்யா. நடுவழியில எஞ்சின் நின்னுபோச்சுன்னா இது எப்படிக் கரைக்கு வரும்?"

நாங்கள் இருவரும் அப்போது சிரித்துவிட்டு அந்தக் கேள்வியைக் கடந்துவிட்டோம். பின்னர் இத்துறையின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான், ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டு வரலாறும் அந்த ஒரு கேள்விக்குச் சொல்லப்பட்ட விடைகளின் வரிசை என்று புரிந்தது. எஞ்சினைத் தேர்ந்தெடுப்பவன் 'எவ்வளவு பலம்' என்று கேட்கிறான். அவன் முதலில் கேட்க வேண்டியது 'நின்றுவிட்டால் என்ன மிஞ்சும்' என்பதை.

*

இந்தக் கேள்வி வேம்பாரில் எழுந்தது தற்செயல் அல்ல. முத்துக்குளித்துறையின் ஏழு பெரிய ஊர்களுள் வடகோடியில் இருப்பது வேம்பார். வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என்று தெற்கே நீளும் அந்த வரிசை, கடலுக்குள் ஆளை இறக்கித் திரும்ப எடுக்கும் தொழிலால் வாழ்ந்தது. கல்லைக் காலில் கோத்துக்கொண்டு முத்துப்பாரில் இறங்கும் குளியாளின் உயிர், மேலே வள்ளத்தில் கயிற்றைப் பிடித்திருப்பவனின் கையில் இருந்தது. அந்தக் கயிற்றை மைத்துனன் பிடிப்பதே வழக்கம் என்று சொல்வார்கள். உடன்பிறந்தவளின் தாலிக்காகவாவது அவன் கண் அயரமாட்டான் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. ஆனால் 'கயிறு யார் கையில்' என்ற கேள்வி இக்கடற்கரையை விட்டுப் போகவில்லை.

வள்ளங்களுக்கு எஞ்சின் வந்தபோதும் அக்கேள்வியே முன்னால் நின்றது. 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலையடிக்கும் கரையில் இறங்கும் சிறு படகுகளுக்கு ஏற்ற டீசல் எஞ்சினைத் தேடிப் பல சோதனைகள் செய்தது. அங்கே சிக்கல் குதிரைசக்தியில் இல்லை. மணலில் ஏறும்போது சுழலி உடையக் கூடாது. ஆகவே எஞ்சினையும் சுழலியையும் சேர்த்தே மேலே தூக்கிவிடும் அமைப்பு ஒன்று உருவாக்கப்பட்டது. எஞ்சின் வந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் பாயையும் துடுப்பையும் தன் வள்ளத்திலிருந்து இறக்கவில்லை என்று பெரியப்பா சொல்வார். பாயிலிருந்து எஞ்சினுக்கு மாறிய இக்கடலின் கதையைப் படிக்க விரும்புவோருக்கு ஜோ டி குருஸின் 'கொற்கை' இருக்கிறது. நாம் வானத்துக்குப் போவோம்.

*

ஆளில்லா விமானம் என்றதும் புறநானூற்றின் 27ஆம் பாடலை நினைவூட்ட நம்மிடையே எப்போதும் ஒருவர் இருப்பார். உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளிக்குச் சொன்னது அது. புலவர் பாடும் புகழுடையவர்கள், ஓட்டுபவன் செலுத்தாத வான ஊர்தியில் மேலுலகு செல்வார்கள் என்ற கருத்து அதில் வருகிறது. அழகான கற்பனை. ஆனால் அதைத் தொழில்நுட்பச் சான்றாகக் காட்டுவது பாடலுக்குச் செய்யும் நியாயம் ஆகாது. அந்த ஊர்தி புகழால் ஓடுகிறது. திரும்பி வர வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. சாத்தனாருக்கு எஞ்சின் தேர்ந்தெடுக்கும் கவலை இருக்கவில்லை.

அந்தக் கவலை முதலில் வந்தவர்களுள் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துச் சகோதரர்கள் வால்டர் குட், வில்லியம் குட் இருவரும் அடங்குவர். 1937இல் அவர்கள் ரேடியோவால் இயக்கிய 'கஃப்' என்ற விமானம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இறக்கை சுமார் 8 அடி. அது பெரிதாக இருந்ததற்குக் காரணம் பெருமிதம் அல்ல, எடை. அக்கால ரேடியோ வாங்கி வெற்றிடக் குழாய்களால் ஆனது. குழாயின் இழையைச் சூடாக்க ஒரு பேட்டரி, குழாய்க்கு உயர் மின்னழுத்தம் தர இன்னொரு பேட்டரி, எஞ்சினின் தீப்பொறிக்கு மற்றொன்று. இத்தனையையும் சுமக்க வேண்டியிருந்ததால் விமானம் பெரிதாயிற்று. பேட்டரிதான் இறக்கையின் அளவைத் தீர்மானித்தது.

அந்தத் தலைமுறை நம்பிய எஞ்சின் பில் பிரவுன் என்ற இளைஞர் உருவாக்கிய 'பிரவுன் ஜூனியர்'. கொள்ளளவு 10 சிசிக்கு அருகில். பலம் குதிரைசக்தியில் ஐந்தில் ஒரு பங்கு. பெட்ரோலில் ஓடும் தீப்பொறி எஞ்சின். அதற்கு மின்சுருள், மின்தேக்கி, பேட்டரி என்று ஒரு பரிவாரம் தேவைப்பட்டது. 1947இல் ரே ஆர்டன் என்பவர் சந்தைக்குக் கொண்டுவந்த ஒளிர்செருகி அந்தப் பரிவாரத்தை விமானத்திலிருந்து இறக்கிவிட்டது. புறப்படும்போது மட்டும் வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் போதும். பிறகு செருகியில் உள்ள பிளாட்டினக் கம்பிச்சுருள், மெத்தனால் ஆவியோடு வினைபுரிந்து தானாகவே சூடாக இருக்கும். எரிபொருளில் மெத்தனாலோடு கலந்த மசகு நம் ஊர் விளக்கெண்ணெய்தான். முதல் உலகப் போரின் சுழல் எஞ்சின்களும் அதையே குடித்தன. ஆமணக்கு விளையும் தேசத்தவர்கள் இதை அறிந்து சற்றுப் பெருமைப்படுவதில் தவறில்லை.

ஒளிர்செருகி சிறிய விமானங்களுக்கு விடுதலையாக வந்தது. பெரியவற்றுக்கு அதுவே செலவாயிற்று. ஒரு கிலோ பெட்ரோல் தரும் வெப்ப ஆற்றலில் பாதிக்கும் குறைவாகவே ஒரு கிலோ மெத்தனால் தரும். 1970களிலிருந்து, சங்கிலி ரம்பத்துக்கும் புல்வெட்டிக்கும் செய்யப்பட்ட பெட்ரோல் எஞ்சின்களைப் பிரித்து மாற்றிப் பெரிய விமானங்களில் பூட்டும் வழக்கம் பரவியது. தீப்பொறி திரும்பி வந்தது. இம்முறை மின்னணுச் சுற்றின் உதவியோடு, எடை குறைந்த வடிவில். இன்று 50 சிசி அளவுள்ள இருகட்ட பெட்ரோல் எஞ்சின் சுமார் 5 குதிரைசக்தி தருகிறது. என் அக்காள் மகன் திட்டமிட்டிருந்த 9 கிலோ விமானத்துக்கு அது போதுமானது. ஆனால் அவன் மனம் 85 சிசியில் இருந்தது. எடை கூடும், அதிர்வு கூடும், அதிர்வைத் தாங்க உடலை வலுப்படுத்த வேண்டும், வலுப்படுத்தினால் எடை மேலும் கூடும், இறங்கும் வேகமும் கூடும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். தெரிந்தும் பெரிய எஞ்சினின் கவர்ச்சி அவனை விடவில்லை. வள்ளக்காரர்களிடமும் இதே ஆசையைப் பார்த்திருக்கிறேன்.

மின்மோட்டாருக்கும் ஒரு நீண்ட கதை உண்டு. 1957 ஜூன் 30 அன்று இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் 'ரேடியோ குயீன்' என்ற விமானத்தை வெள்ளி-துத்தநாகப் பேட்டரியால் பறக்கவிட்டார். பதிவாகியுள்ள முதல் ரேடியோக் கட்டுப்பாட்டு மின்விமானப் பறப்பு அது. மோட்டார் அமைதியானது, அதிர்வற்றது, ஒரு பொத்தானில் மீண்டும் ஓடத் தொடங்கும். அதன் குறை ஒன்றே: ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12,000 வாட்-மணி ஆற்றல் உறங்குகிறது, ஒரு கிலோ லித்தியம் பேட்டரியில் 150 முதல் 250 வரை. சிறு எஞ்சின் பெட்ரோலின் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கை வெப்பமாக வீணாக்கினாலும், மிஞ்சுவது பேட்டரியைவிடப் பத்து மடங்கு. பத்து நிமிடம் பறக்க மின்சாரம் போதும். ஒரு நாள் முழுக்கப் பறக்க இன்றும் எரிபொருள்தான் வேண்டும்.

*

இனி சர்வோ. பெரியப்பா வாலைத் தொட்டு 'சுக்கானா' என்று கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்பதை நான் பின்னரே அறிந்தேன். ஏனென்றால் சர்வோ பிறந்ததே கப்பலின் சுக்கானில்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கப்பல்கள் இரும்பாலாகிப் பெருத்தபோது, சுக்கானைத் திருப்ப மனிதக் கை போதாமல் போயிற்று. 'கிரேட் ஈஸ்டர்ன்' என்ற மாபெரும் நீராவிக் கப்பலுக்காக 1860களில் மெக்ஃபார்லேன் கிரே ஒரு நீராவிச் சுக்கான் எஞ்சினைச் செய்தார். மாலுமி சக்கரத்தைத் திருப்பினால் நீராவி திறக்கும். சுக்கான் கேட்ட கோணத்துக்கு வந்ததும் தானே மூடிக்கொள்ளும். பிரான்ஸில் இதே சிந்தனையை விரிவாக ஆராய்ந்த ழோசப் ஃபார்கோ 1873இல் வெளியிட்ட நூலில், இத்தகைய பொறிக்கு 'சர்வோ மோட்டார்' என்று பெயரிட்டார். அடிமை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். சொன்னதைச் செய்துவிட்டு, செய்தேனா என்று தானே சரிபார்த்துக்கொள்ளும் அடிமை.

இன்றைய சர்வோ ஒரு தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி. உள்ளே ஒரு மோட்டார், பல்சக்கரங்கள், அச்சு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று காட்டும் ஓர் உணரி. வாங்கியிலிருந்து விநாடிக்குச் சுமார் 50 முறை துடிப்பு வரும். துடிப்பின் நீளம் ஒன்றரை மில்லிவிநாடி என்றால் நடுவில் நில். ஒன்று என்றால் ஒரு பக்கம். இரண்டு என்றால் மறுபக்கம். ஃபார்கோவின் தத்துவம் இன்றுவரை மாறவில்லை. இந்த நிலைக்கு வருவதற்கு முன், குட் சகோதரர்களின் காலத்தில், முறுக்கிய ரப்பர் பட்டை ஒன்றே வால் சுக்கானைத் திருப்பியது. ரேடியோ அந்த முறுக்கை ஒவ்வொரு படியாக அவிழ்த்துவிடும். இடம், நடு, வலம், நடு. இவ்வளவுதான் அதற்குத் தெரியும். முறுக்கு தீர்ந்தால் சுக்கானும் இல்லை.

சர்வோவைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெட்டியில் எழுதியிருக்கும் திருப்புவிசையைப் பார்க்கிறார்கள். 10 கிலோ-சென்டிமீட்டர் என்றால், ஒரு சென்டிமீட்டர் நீளக் கையின் நுனியில் 10 கிலோ இழுக்கும்; இரண்டரை சென்டிமீட்டர் கையில் 4 கிலோதான். கடலோடிக்கு இது புதிதல்ல. சுக்கான் பிடியின் நீளம் பற்றி அவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் காற்றில் ஒன்று கூடுதல்: வேகம் இரட்டித்தால் சுக்கான் மேல் விழும் அழுத்தம் நான்கு மடங்கு ஆகும். மெதுவாகப் பறக்கும்போது போதுமான சர்வோ, பாய்ந்து இறங்கும்போது தோற்றுப்போகும். பல்சக்கரத்திலோ இணைப்புக் கம்பியிலோ சிறு ஆட்டம் இருந்தால், அந்த வேகத்தில் சுக்கான் நடுங்கத் தொடங்கிச் சில விநாடிகளில் வாலையே பிய்த்துவிடும்.

ஆகவே பெரிய விமானங்களில் ஏற்றவால் இரண்டு பாதியாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனி சர்வோ வைக்கப்படுகிறது. ஒன்று செத்தால் மற்றொன்றைக்கொண்டு தள்ளாடியேனும் இறங்கலாம். எஞ்சின் நின்ற விமானம் சறுக்கி இறங்கும். சர்வோ நின்ற விமானம் இறங்காது, விழும். அதனால்தான் பணம் குறைவாக இருந்தால் எஞ்சினில் சிக்கனம் பிடி, சர்வோவில் பிடிக்காதே என்று இந்தப் பொழுதுபோக்கின் மூத்தவர்கள் சொல்கிறார்கள்.

*

பேட்டரியைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. எஞ்சினுக்குச் சத்தம் உண்டு. சர்வோவுக்கு அசைவு உண்டு. பேட்டரி ஒரு மூலையில் கிடக்கும். ஆனால் பெட்ரோல் விமானத்திலும் கட்டளைகளைக் கேட்பதும் சுக்கானை அசைப்பதும் பேட்டரியே. அது ஓய்ந்தால் முழு எரிபொருளோடும் நன்றாக ஓடும் எஞ்சினோடும் விமானம் தன் போக்கில் போய்விடும். கயிறு அறுந்த நிலை அதுதான்.

கணக்கு எளிது. எட்டு சர்வோக்கள் சேர்ந்து சராசரியாக 2 ஆம்பியர் எடுத்தால், 12 நிமிடப் பறப்புக்கு 400 மில்லிஆம்பியர்-மணி செலவாகும். 3,000 கொள்ளளவுள்ள பேட்டரி தாராளம் என்று தோன்றும். ஆனால் எல்லா சர்வோவும் ஒரே கணத்தில் காற்றோடு மல்லுக்கட்டும்போது தேவை 15, 20 ஆம்பியருக்குத் தாவும். மெல்லிய கம்பியோ தளர்ந்த இணைப்போ நடுவில் இருந்தால் மின்னழுத்தம் சரியும். வாங்கி ஒரு கணம் மயங்கி விழுந்து எழும். தரையில் அது கண்ணிமைக்கும் நேரம். வானில் அது முடிவு.

முன்பு நிக்கல்-காட்மியம் கலங்கள் இருந்தன. உறுதியானவை, ஆனால் சும்மா இருக்கும்போதே மின்சாரத்தை இழப்பவை, காட்மிய நஞ்சு கொண்டவை. பழையவற்றில் எதிர்முனைக் கம்பி உள்ளுக்குள் கறுத்து அரித்துப்போகும். உப்புக்காற்றில் வைத்திருந்தால் இன்னும் விரைவாக. 1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனிக் கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் அடித்தளத்தை அமைத்த குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் பாலிமர் வடிவம் எடை குறைந்தது. அடிபட்டாலோ அதிகமாக ஏற்றினாலோ உப்பித் தீப்பிடிக்கும் குணமும் அதற்கு உண்டு. பெரிய பெட்ரோல் விமானம் வைத்திருப்போர் பலர் லித்தியம் இரும்புப் பாஸ்பேட் கலங்களை விரும்புகிறார்கள். ஆற்றல் சற்றுக் குறைவு. ஆனால் எளிதில் தீப்பிடிக்காது. இரண்டு கலம் சேர்ந்தால் 6.6 வோல்ட், பல சர்வோக்களுக்கு நேரடியாகக் கொடுத்துவிடலாம், நடுவில் பழுதாகக்கூடிய சீராக்கி ஒன்று குறைகிறது. பேட்டரி இரண்டு, சுவிட்ச் இரண்டு, கம்பி வழி இரண்டு. தீப்பொறிக்குத் தனியாக மூன்றாவது. வள்ளத்தில் பாயை இறக்காமல் வைத்திருந்த பெரியப்பாவின் கணக்கும் இதுவே.

*

பெரியப்பாவின் கேள்விக்கு மிகக் கடினமான விடையைச் சொன்னவர் மேனார்ட் ஹில். ரேடியோ விமானத்தை அட்லாண்டிக் கடலைத் தாண்டச் செய்ய வேண்டும் என்பது அவருடைய கனவு. 1998 ஆகஸ்டில் ஏரோசோண்ட் என்ற வானிலை ஆய்வு விமானம், மாற்றியமைத்த ஜப்பானிய மாதிரி விமான எஞ்சினோடு நியூஃபவுண்ட்லாந்திலிருந்து ஸ்காட்லாந்து சென்றிருந்தது. ஆனால் ஹில் தனக்கு விதித்துக்கொண்டது, மாதிரி விமானங்களுக்கான உலகச் சாதனை விதி: எரிபொருள் உட்பட 5 கிலோவுக்குள், எஞ்சின் 10 சிசிக்குள். முந்தைய முயற்சிகளின் விமானங்களைக் கடல் விழுங்கியது.

2003 ஆகஸ்ட் 9 அன்று நியூஃபவுண்ட்லாந்தின் கேப் ஸ்பியர் முனையிலிருந்து டேம்-5 என்ற விமானம் புறப்பட்டது. பால்சாவாலான உடல், ஓ.எஸ். நிறுவனத்தின் சிறு நான்குகட்ட எஞ்சின். எரிபொருள், முகாம்களில் எரிக்கும் கோல்மன் விளக்குக்கான எண்ணெய். நம் ஊர்ப் பெட்ரோமாக்ஸின் தூரத்து உறவினர் அந்த விளக்கு. 38 மணி 52 நிமிடத்துக்குப் பிறகு, சுமார் 3,030 கிலோமீட்டர் கடந்து, அயர்லாந்தின் கிளிஃப்டன் அருகே கடற்கரையில் அது இறங்கியது. 1919இல் அல்காக்கும் பிரவுனும் அட்லாண்டிக்கை நிற்காமல் முதன்முதலாகக் கடந்து இறங்கிய ஊரும் அதுவே. ஹில்லுக்கு அப்போது 77 வயது. சட்டப்படி பார்வையற்றவர், செவியும் ஏறத்தாழப் போய்விட்டது. தான் செய்த விமானத்தை அவரால் கண்ணாரப் பார்க்க முடியாது. விரல்களால் அறிந்தவர் அவர். பலமான எஞ்சினை அவர் தேடவில்லை. அளவாகக் குடித்து நிற்காமல் ஓடும் எஞ்சினைத் தேடினார்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு எதிர்மறையான ஒரு பாடமும் உண்டு. 2009 நவம்பர் 16 அன்று, பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ருஸ்தம்-1 ஆளில்லா விமானம் ஓசூர் அருகே முதன்முறையாகப் பறந்தது. புறப்பாடு நன்றாக இருந்தது. இறங்கும்போது உயரத்தைத் தவறாகக் கணித்து, தரையிலிருந்து அனுப்பிய கட்டளையால் எஞ்சின் நிறுத்தப்பட்டது. விமானம் விழுந்து நொறுங்கியது. எஞ்சின் பழுதாகவில்லை, சர்வோ தவறவில்லை, சொன்னதை அவை அப்படியே செய்தன. அடிமை கீழ்ப்படிந்தான், கயிற்றைப் பிடித்தவர் தவறினார். பதினோரு மாதம் கழித்து, 2010 அக்டோபரில், அது வெற்றிகரமாகப் பறந்து இறங்கியது.

பெரியப்பாவின் கேள்விக்கு நேரடியான விடையை வைத்துக் கட்டப்பட்டது அதே நிறுவனத்தின் 'நிஷாந்த்'. அதற்குச் சக்கரமே கிடையாது. லாரியின் மேலிருந்து எறியப்படும், பாராசூட்டில் இறங்கும். பயிற்சி இலக்கான 'லக்ஷ்யா'வும் அவ்வாறே பாராசூட்டில் கடலில் இறங்கி மீட்கப்படும். எஞ்சின் நிற்கும் என்பதை ஒப்புக்கொண்டு வடிவமைத்தவை அவை.

*

வேம்பாருக்குத் திரும்புவோம். இக்கடற்கரையில் வடகிழக்காகச் சென்றால், இராமநாதபுரத்தைத் தாண்டி உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானதளம் இருக்கிறது. 2012 ஏப்ரலில் அங்கே ஆளில்லா விமானப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. இஸ்ரேலிய ஹெரான் விமானங்கள் மன்னார் வளைகுடாவின் மேல் பறக்கத் தொடங்கின. ஹெரானின் இறக்கை 16 மீட்டருக்கு மேல். அதைத் தள்ளுவது ஆஸ்திரியாவில் செய்யப்படும் ரோட்டாக்ஸ் 914 எஞ்சின். நான்கு உருளை, 115 குதிரைசக்தி, ஒவ்வோர் உருளைக்கும் இரண்டு தீப்பொறிச் செருகி. ஒன்று அணைந்தால் மற்றொன்று. ஒரு நாள் முழுக்க அதனால் வானில் நிற்க முடிகிறது.

ஒரு நாள் முழுக்க என்பதன் பொருள் கடலோரத்தில் வேறு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலைத் தாக்கியபோது, எஞ்சின் நின்று எரிபொருள் தீர்ந்து மிதந்தவர்களை நாட்கணக்கில் தேட வேண்டியிருந்தது. பலர் திரும்பவே இல்லை. தேடும் கண் வானில் எத்தனை மணி நேரம் நிற்கும் என்பது எஞ்சினையும் பேட்டரியையும் பற்றிய கேள்வி. தேடப்படுபவனுக்கு அது உயிர்.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. 2020 அக்டோபரில், நகோர்னோ-கராபக் போரில் துருக்கிய ஆளில்லா விமானங்களில் ரோட்டாக்ஸ் எஞ்சின் இருப்பது தெரியவந்ததும், அதன் உரிமையாளரான கனடிய நிறுவனம், பயன்பாடு தெளிவில்லாத நாடுகளுக்கு எஞ்சின் அனுப்புவதை நிறுத்துவதாக அறிவித்தது. பொழுதுபோக்கு விமானத்துக்காகச் செய்த எஞ்சினை யாருக்குத் தருவது, தராமலிருப்பது என்பது அரசியலாயிற்று. எஞ்சினைச் செய்பவன் கையிலும் கயிற்றின் ஒரு நுனி இருக்கிறது. நிஷாந்துக்கும் தொடக்கத்தில் வெளிநாட்டுச் சுழல் எஞ்சின்தான்; உள்நாட்டிலேயே செய்த 55 குதிரைசக்திச் சுழல் எஞ்சினோடு அது கோலாரில் பறந்தது 2009இல்.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படிக்கும்போது, நம் விமானத்தை நாமே செய்வோம் என்ற பொருளில் அப்துல் கலாம் தமிழில் ஒரு கட்டுரை எழுதி, ஆனந்த விகடன் ஆசிரியர் தேவனிடம் பரிசு பெற்றதாகத் தன் வரலாற்று நூலில் குறிப்பிடுகிறார். இராமேஸ்வரத்தில் படகு கட்டியவரின் மகன் அவர். அதே எம்.ஐ.டி.யின் 'தக்ஷா' குழு, 2018இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ உதவி விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. கட்டுரையிலிருந்து அந்தப் பரிசு வரை அறுபது ஆண்டு ஆயிற்று. தாமதம்தான், ஆனால் வழி சரியானது.

அக்காள் மகன் கடைசியில் 50 சிசி எஞ்சினையே வாங்கினான். மிச்சமான பணத்தில் நல்ல சர்வோக்கள், பேட்டரி இரண்டு. அதை நல்லதண்ணித் தீவு வரை கடல்மேல் அனுப்ப வேண்டும் என்ற ஆசையைக் கைவிட்டான். 2021இன் டிரோன் விதிகள் மாதிரி விமானத்தைக் கண்ணுக்கு எட்டும் தூரத்தில்தான் அனுமதிக்கின்றன. தீவுகளோ 1986இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. ஊருக்கு வெளியே, காய்ந்த கண்மாய்த் தரையில் பறக்கவிட்டான். நான்காம் பறப்பில் எஞ்சின் நின்றது. எரிபொருள் குழாயில் காற்றுக்குமிழ். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். விமானம் சத்தமின்றிச் சறுக்கி, ஒரு வட்டமடித்து, புழுதியைக் கிளப்பிக்கொண்டு தரையில் வந்து நின்றது.

அன்று மாலை பெரியப்பாவிடம் போய்ச் சொன்னான். "தாத்தா, எஞ்சின் நின்னுபோச்சு. ஆனா கரைக்கு வந்துட்டு."

அவர் தலையசைத்தார். "அப்போ நல்ல எஞ்சின்தான் வாங்கியிருக்க" என்றார்.